உடைந்த ஊசிக்குப் புது ஊசி

தலையை மேலே ஒருவர் இறுக்கிப் பிடித்திருப்பார். கண் ஒன்றுதான், அதுவும் பாதத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குதிக்கும், ஓர் அடிகூட முன்னால் போகாது. யார்? சொல்லுங்கள் பார்ப்போம் அக்கா.

அவசரமில்லை. பஸ் இன்னும் திருப்பூரையே தாண்டவில்லை. நீங்கள் காங்கேயம்வரை போகிறீர்கள், நான் படியூரில் இறங்குவேன். அதுவரை யோசிக்கலாம்.

கொக்கா? கொக்குக்கு ஏன் அக்கா பாதத்தில் கண்? சரி, நானே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுக்காது. தையல் மெஷின் ஊசி! கையால் தைக்கிற ஊசிக்குக் கண் மேலே, மொட்டைப் பக்கத்தில் இருக்கும். மெஷின் ஊசிக்குக் கண் கீழே, குத்துகிற நுனிக்குப் பக்கத்திலேயே இருக்கும். நீங்களும் இத்தனை வருஷமாக ரவிக்கை போடுகிறீர்கள், இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். யாருமே கவனிப்பதில்லை. அதுதான் என் வருத்தம்.

கையைக் கொஞ்சம் காட்டுங்கள். பார்த்தீர்களா, இந்தக் கைமடிப்பில் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டிருக்கிறதே, இது துணியின் தப்பு இல்லை. மழுங்கின ஊசி. உங்கள் டைலரிடம் சொல்லுங்கள், ஊசி நுனியை நகத்தின்மேல் மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். நகத்தில் கோடு விழுந்தால் அந்த ஊசியின் ஆயுசு முடிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பார்த்தால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

என் பெயர் வசந்தாமணி. பனியன் கம்பெனியில் ஊசி அறை என்னுடையது. அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு பக்கமும் கம்பி வலை, நடுவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, முன்னால் கை நுழைகிற அளவுக்கு ஒரு சன்னல். எங்கள் கம்பெனியில் பச்சைக் குழந்தைகளுக்கான பனியன்தான் தைக்கிறோம். எல்லாம் கப்பலேறி வெளிநாடு போகும். அதனால் ஒரு சட்டம். தைக்கிறபோது ஊசி உடைந்தால் டைலர் உடனே மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு என் சன்னலுக்கு வர வேண்டும். நான் வெள்ளைத் தாளில் துண்டுகளை வரிசையாக வைத்துப் பொருத்திப் பார்ப்பேன். தலையிலிருந்து நுனிவரை முழு ஊசி சேர்ந்தால்தான் புது ஊசி தருவேன். கடுகளவு நுனி குறைந்தாலும் தர மாட்டேன். அந்த நுனி ஏதோ ஒரு குழந்தையின் பனியனுக்குள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் குழந்தைக்கு என்ன பேச்சா வரும், குத்துகிறது என்று சொல்ல? அழும். பசிக்கு அழுகிறது என்று பால் கொடுப்பார்கள். அதனால் நுனி கிடைக்கிறவரைக்கும் அந்த லைன் முழுக்க நிற்கும். லைன் என்பது வரிசையாகப் போட்ட மெஷின்கள். இந்த மெஷினில் தோள், அடுத்ததில் கழுத்து, அடுத்ததில் கை என்று ஒரு பனியன் நகர்ந்துகொண்டே வந்து கடைசி மெஷினில் முழுசாகும்.

எனக்கு ஊசியை விரலால் தொட்டாலே தெரியும் அக்கா. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஒன்பதாம் நம்பர் என்றால் முடி மாதிரி மெல்லிசு, குழந்தைத் துணிக்கு. பதினொன்று அதைவிடக் கொஞ்சம் தடிப்பு. பதினாறு, பதினெட்டெல்லாம் ஜீன்ஸ், பை தைக்கிறவர்களுக்கு. நம்பர் போதாது, நுனியையும் பார்க்க வேண்டும். புடவை, சட்டை மாதிரி நெய்த துணிக்குக் கூர் நுனி. பனியன் துணி நெய்வதில்லை, பின்னுவது. கூர் நுனி போட்டால் இழையை அறுத்துவிடும், இரண்டு துவைப்பில் ஓட்டை. அதற்கு உருண்டை நுனி வேண்டும். உருண்டை நுனி இழையை அறுக்காது, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று மரியாதையாக விலக்கிவிட்டு நடுவில் போகும்.

இப்படி நிம்மதியாக இருந்த என் வாழ்க்கையில் குழந்தைவேலு என்று ஒருவர் வந்து சேர்ந்தார்.

தீபாவளி போனஸ் வாங்கினதும் திருப்பூரில் பாதிப் பேர் கம்பெனி மாறுவார்கள், தெரியும்தானே. அப்படி வந்தவர். நாலாம் லைனுக்கு சூப்பர்வைசர். வந்த முதல் நாளே என் சன்னலில் நின்றார். திருநீற்றுப் பொட்டலம் மாதிரி ஒரு காகிதத்தை மடித்து நீட்டினார்.

"ஏனுங் மேடம், ஊசி ஒடஞ்சு போச்சுங்க."

"டைலர் வரலீங்களா?"

"அவங்க வேலையைப் பார்க்கட்டும்னு நானே வந்துட்டனுங்."

பிரித்துப் பார்த்தேன். முழு ஊசி. கொடுத்தேன். போக வேண்டியதுதானே? போகவில்லை.

"இது எத்தனாம் நம்பருங்க?"

சூப்பர்வைசருக்கு ஊசி நம்பர் தெரியவில்லை! எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். இருந்தாலும் பொறுமையாகச் சொன்னேன். ஒன்பது, பதினொன்று, உருண்டை நுனி, கூர் நுனி, எல்லாம். வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மறுநாள் வந்தார். "நேத்துச் சொன்னீங்களே, உருண்டை நுனி, அது எதுக்குங்க?" மறுபடியும் சொன்னேன். அடுத்த நாளும் வந்தார். மறுபடியும் அதே கேள்வி. இந்த மனுஷர் தலையில் எதுவும் நிற்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அவரை எதற்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்களோ.

என்ன சிரிக்கிறீர்கள்? நூல் ஸ்டோர் கலாமணியும் இப்படித்தான் சிரிப்பாள். அவள் அறை என் அறைக்கு அடுத்தது. "ஏக்கா, அந்த ஆளு பழைய கம்பெனியில சாம்பிள் தைச்ச கைக்காரராமே, ஊசி நம்பர் தெரியாதா?" என்று கேட்டாள். "தெரிஞ்சா ஏண்டி தினமும் கேக்கறாரு?" என்றேன். அவள் நூல்கண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். விவரம் பத்தாதவள்.

அவரால் எனக்கு எவ்வளவு தொந்தரவு தெரியுமா? சன்னலுக்கு அடிக்கடி ஆள் வந்தால் நாமும் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டியிருக்கிறது. பழைய புடவையெல்லாம் கம்பி வலையில் மாட்டிக் கிழிகிறது என்று புதுசாகக் கட்டிக்கொண்டு போனேன். மெஷின் எண்ணெய் வாசனை தலைவலி கொடுக்கிறது என்று மல்லிகைப்பூ வைத்துக்கொண்டேன். எல்லாம் உத்தியோக அவசியம்.

அவருக்கு விளங்கட்டும் என்று ஒருநாள் நானே நாலாம் லைனுக்குப் போனேன். மெஷின் மெஷினாகப் பார்த்தேன். இவர் பின்னாலேயே வருகிறார். ஒரு மெஷினில் ஊசியைப் பிடிக்கிற திருகு தளர்ந்திருந்தது. இன்னொரு மெஷினில் ஊசி வளைந்திருந்தது. கண்ணாடிமேல் உருட்டிக் காட்டினேன், நேரான ஊசி வழுக்கிக்கொண்டு ஓடும், வளைந்தது நொண்டும். இன்னொரு பெண் துணியைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே தைத்தாள். "இழுக்காதே அம்மிணி, மெஷினே துணியை எடுத்துட்டுப் போகும், நீ வழி மட்டும் காட்டு" என்றேன். அப்புறம் நாலாம் லைனில் ஊசி உடைவதே நின்றுபோனது. பொங்கல் வரையில் ஒன்றுகூட உடையவில்லை.

நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அந்த வாரங்களில் மத்தியானம் என்றால் மத்தியானம் முழுக்க நீண்டுகொண்டே போனது. கலாமணியிடம்கூட எரிந்து விழுந்தேன். வெயில் காரணமாக இருக்கலாம். மார்கழியில் ஏது வெயில் என்கிறீர்களா? அறைக்கு மேலே தகரம் அக்கா.

பொங்கல் லீவு முடிந்த முதல் சனிக்கிழமை மத்தியானம், சன்னலில் அதே காகிதப் பொட்டலம்.

"ஊசி ஒடஞ்சு போச்சுங்க" என்றார். முகத்தில் என்ன ஒரு சிரிப்பு! ஊசி உடைந்ததற்கு யாராவது சிரிப்பார்களா?

பிரித்தேன். இரண்டே துண்டு. தலைத் துண்டை விரலில் எடுத்ததும் எனக்குப் பக்கென்றது. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை!

உங்களுக்குப் புரியவில்லை. சொல்கிறேன். எங்கள் கம்பெனி மெஷின் எல்லாவற்றிலும் ஊசித் தலை சுற்றிலும் உருண்டை. தலையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவின ஊசி என்றால் அது வீட்டு மெஷின் ஊசி. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தட்டை. அது கம்பெனிக்குள் எப்படி வந்தது? அதைவிட மோசம், தாளில் பொருத்திப் பார்த்தால் தலை இருக்கிறது, நடு இருக்கிறது, நுனி இல்லை. கண்ணுக்குக் கீழே ஒன்றுமே இல்லை!

நான் யோசிக்கவே இல்லை அக்கா. மணியை அடித்துவிட்டேன்.

மணி அடித்தால் லைன் நிற்க வேண்டும். நாலாம் லைன் முழுக்க எழுந்து நின்றது. காந்தக் கட்டையைத் தரையில் இழுத்தார்கள். மேஜைக்கு அடியில், மெஷினுக்கு அடியில், செருப்புக்கு அடியில் எல்லாம் பார்த்தார்கள். மேனேஜர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்.

"எந்த மெஷின் ஊசி இது?"

குழந்தைவேலு என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எந்த மெஷினும் இல்லீங் சார். எங்க வீட்டு ஊசிங்க."

"வீட்டு ஊசியை எதுக்கய்யா இங்க கொண்டாந்தே?"

அவர் சட்டைப் பொத்தானைத் தடவினார். லைன் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சார், வெளியே கடைக்காரன் ஏமாத்திருவான்னு நல்ல ஊசி வாங்க வந்திருப்பாருங்க" என்று நானே அவருக்காகச் சொன்னேன். யாரோ ஒரு பெண் அதற்கு 'கெக்கே' என்று சிரித்தாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "வீட்டு ஊசியோ, எதுவோ. அந்தப் பொட்டலத்தைப் பிடிச்சுட்டு லைன் நெடுகிலும் நடந்து வந்திருக்கே. நுனி வழியில எந்தப் பெட்டியில விழுந்துதோ? திங்கக்கிழமை லாரி வருது. நாளைக்குள்ள அந்த நுனி உங்க வீட்டுல கிடைச்சாச் சரி. இல்லாட்டி நாலாம் லைன் பெட்டி அத்தனையும் பிரிச்சு மறுபடியும் பார்க்கணும். அப்புறம் நீ இங்க வர வேண்டாம்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தப்பு செய்தவரை வேலையைவிட்டு எடுப்பது சட்டம்தான். ஆனால் எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. மணியை அடித்தது நான்தானே? அடித்தது சரிதான், இன்னொரு தடவை வந்தாலும் அடிப்பேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

மேனேஜரிடம் போய், "சார், நுனியைத் தேட நானே போறனுங்க. வேற யாராவது போனா எதாவது ஒரு ஊசி நுனியைக் கொண்டாந்து காட்டுவாங்க. இந்த ஊசிக்கு இந்த நுனிதானான்னு எனக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் "போய்ட்டு வாம்மா" என்றார். கலாமணி, "ஆமாக்கா, நீ போனாத்தான் ஆகும்" என்று சொல்லி, தானே எனக்குத் தலைவாரி விடுகிறேன் என்றாள். தேடுகிற வேலைக்கு எதற்குத் தலைவாரல்? இருந்தாலும் வாரிக்கொண்டேன். கம்பெனி சார்பாகப் போகிறோம் இல்லையா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படியூரில் போய் இறங்கினேன். கையில் காந்தம், பையில் அந்த இரண்டு துண்டு, ஒரு பாக்கெட் புது ஊசி. புது ஊசி ஏன் என்றால், நுனி கிடைத்தால் சட்டப்படி மாற்று ஊசி கொடுக்க வேண்டுமே. வீட்டு மெஷினுக்கு ஏற்ற தட்டைத் தலை, பதினொன்றாம் நம்பர், உருண்டை நுனி. போகிற வழியில் கடையில் நானே தொட்டுப் பார்த்து எடுத்தேன்.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் மிதுனா, மூன்றாம் வகுப்பு. இரண்டு சடை, ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அப்பா பின்னின சடை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் அம்மா தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறதாம். அம்மாவின் மெஷின்தான் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடப் பை தைத்துக் கொடுப்பாராம் அந்த அம்மாள்.

"யாரு கண்ணு ஊசியை ஒடச்சது?" என்றேன்.

"நான்தான். மந்திரிக்குக் குளுருது."

மந்திரி யார் என்று பார்த்தால் ஒரு வெள்ளாட்டுக்குட்டி. தைப் பனியில் நடுங்குகிறது என்று அதற்குப் பனியன் தைத்திருக்கிறாள். அப்பா கொண்டுவந்த கட் பீஸ் துண்டுத் துணியில்! நாலு கால் இருக்கிறதே என்று நாலு கை வைத்துத் தைத்திருக்கிறாள். அதுவும் எந்த ஊசியில்? அவள் அம்மா பை தைத்த பதினாறாம் நம்பர் கூர் ஊசியில். பனியன் துணிக்குப் பதினாறு! அது தையலைத் தாவித் தாவி விட்டிருக்கிறது. இவள் துணியை இழுத்திருக்கிறாள். ஊசி வளைந்து தகட்டில் மோதி 'டக்'. இத்தனைக்கும் வீட்டிலேயே ஒரு சூப்பர்வைசர். நான் படித்துப் படித்துச் சொன்னதில் ஒரு வார்த்தை அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை பாருங்கள்.

"இந்த அத்தைகிட்ட எல்லாத்தையும் காட்டு கண்ணு" என்றேன், என்னைத்தான் சொல்லிக்கொண்டேன்.

குழந்தைவேலுவுக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது. "அத்தைன்னு வேண்டாம் மிதுனா. வேற எதாவது... டீச்சர்ன்னு கூப்பிடு."

நான் என்ன டீச்சரா? அத்தை என்றால் நான் அவருக்கு அக்காவோ தங்கையோ ஆகிறேன், அவ்வளவுதானே, அதிலென்ன தப்பு? சில பேருக்கு மரியாதையாகப் பழகவே தெரியாது அக்கா.

தேட ஆரம்பித்தோம். மெஷினுக்கு அடியில் காந்தத்தை ஓட்டினேன். குண்டூசி வந்தது, ஹேர்பின் வந்தது, சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்று வந்தது. நுனி வரவில்லை. பாயை உதறினோம். குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். வாசலில் பெருக்கிய மண்ணைக்கூடச் சலித்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் திண்டாடிப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். மிதுனா அப்பாவை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "நுனி கிடைக்காட்டி அப்பா வேலைக்குப் போக முடியாதா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் குனிந்து மறுபடியும் காந்தத்தை ஓட்டினேன். குழந்தையிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனியன் எங்கே? ஊசி உடைந்தபோது மெஷினில் இருந்த துணி எங்கே?

"மந்திரி போட்டிருக்கு" என்றாள் மிதுனா.

திரும்பினோம். மந்திரி எங்களைப் பார்த்தது. நாங்கள் மந்திரியைப் பார்த்தோம். நான் காந்தத்தைத் தூக்கினேன். அது எடுத்தது பாருங்கள் ஓட்டம்!

அக்கா, நான் பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஓடினதில்லை. நாலு கைப் பனியன் போட்ட ஆட்டுக்குட்டி முன்னால், காந்தத்தை நீட்டிக்கொண்டு நான், எனக்குப் பின்னால் மிதுனா, அவளுக்குப் பின்னால் குழந்தைவேலு. அடுத்த வீட்டுக்காரர்கள் கையில் முறத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். "என்ன குழந்தைவேலு, கோயிலுக்கு நேந்துவிட்டதா?" என்று ஒருவர் கேட்கிறார். "பிடிங்க! அதுக்குள்ள ஊசி இருக்கு!" என்று நான் கத்துகிறேன். அவர் ஆட்டுக்கு டாக்டர் ஊசி போட வந்த அம்மா என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டு நிற்கிறார். மந்திரி, காய்ந்த சோளத்தட்டை அடுக்கியிருந்த போரைச் சுற்றியது. நாங்களும் சுற்றினோம். அது நின்று எதிர்ப்பக்கம் திரும்பியது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிப் போரின்மேல் விழுந்தோம். மேலே இருந்த தட்டெல்லாம் சரிந்து எங்கள்மேல் விழுந்தது. மந்திரி, என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று கிட்டே வந்து மோந்து பார்த்தது. மிதுனா படக்கென்று கட்டிப் பிடித்துவிட்டாள்.

படுத்தவாக்கிலேயே காந்தத்தை ஓட்டினேன். முதல் கை, ஒன்றுமில்லை. இரண்டாவது கை, ஒன்றுமில்லை. மூன்றாவது கை, பின்னங்கால் மடிப்பு. காந்தத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் அக்கா. கனவிலும் தெரியும்.

பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து மண்ணிலேயே விரித்தேன். தலை, நடு, நுனி. உடைந்த வாய்கள் இரண்டும் பல்லோடு பல் சேர்ந்த மாதிரி சேர்ந்தன. "முழு ஊசி!" என்று கத்தினேன். சந்தோஷத்தில் மந்திரியின் காலைப் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கிக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் மந்திரி தூரத்தில் சோளத்தட்டு தின்றுகொண்டிருக்கிறது. நான் குலுக்கினது குழந்தைவேலுவின் கையை. அவரும் சொல்லவில்லை பாருங்கள்!

மேனேஜருக்குப் போன் போட்டேன். "சார், நுனி கிடைச்சிருச்சுங்க, இதே ஊசியோடதுதான்."

"எங்கம்மா இருந்துது?"

"ஆட்டுக்குட்டி பனியன்ல, பின்னங்கால் பக்கம் சார்."

அந்தப் பக்கம் அவருக்குப் புரையேறியது. அப்புறம், "திங்கக்கிழமை ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்துருங்க" என்றார். குழந்தைவேலு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மிதுனா போய் அவர் முதுகில் ஏறிக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து ஆறேழு மாசம் ஆகிறது. இன்று ஏன் படியூர் போகிறேன் என்று கேட்டீர்களே, அதற்குத்தான் வருகிறேன். ஊசி உடைந்துவிட்டதாம். அந்த வீட்டில் வாரம் தவறாமல் ஊசி உடைகிறது அக்கா! எனக்கு விளங்கவே இல்லை. மெஷின் சரியாக இருக்கிறது, நானே எண்ணெய் போட்டேன். திருகு சரி. ஊசி சரி. மிதுனாவும் இப்போது துணியை இழுப்பதில்லை, மந்திரிக்கு இரண்டாவது சைஸ் பனியன் என்ன அழகாகத் தைத்திருக்கிறாள் தெரியுமா. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போனால் காகிதப் பொட்டலத்தில் துண்டுகள் தயாராக இருக்கும். தலை, நடு, நுனி, ஒன்றும் குறையாது. உடைந்த இடத்தில் குறடு பிடித்த தடம்கூடப் பார்த்தேன். திருகை அப்பா குறடால் இறுக்குகிறார்போல, அதனால்தான் உடைகிறது என்று நினைக்கிறேன். இன்றைக்குக் கண்டிப்பாக அவரைத் திட்டப் போகிறேன். இந்தப் புடவை நன்றாக இருக்கிறதா அக்கா? கலாமணி எடுத்துக் கொடுத்தாள்.

கண்டக்டர் படியூர் என்கிறாரே. கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது மிதுனாவிடம் ஊசிப் பாக்கெட்டைக் கொடுத்தேன். அவள் அப்பா கதவருகே நின்றிருந்தார். தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தார். நான் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "இந்தா கண்ணு, ரெண்டு வழி இருக்கு. பாக்கெட்டை நீயே வச்சுக்கலாம். ஒடஞ்சா நீயே மாத்திக்கலாம், நான் வர வேண்டியதில்லை. இல்லாட்டி கம்பெனிச் சட்டப்படி பாக்கெட் என்கிட்ட இருக்கும். ஒவ்வொரு தடவை ஒடையறப்பவும் நீ துண்டுகளைக் காட்டணும், நான் பஸ் ஏறி வந்து ஒண்ணு தரணும். எது வேணும்னு நீயே சொல்லு." முதல் வழிதான் சுலபம் என்று யாருக்கும் தெரியும்.

மிதுனா பாக்கெட்டை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.